நிரல்நிறையும் ரியூப்பிளும்

நன்னூலார் வகுத்த எட்டுப் பொருள்கோள்களுள் நிரல்நிறையும் ஒன்று. பெயர்களை ஒரு வரிசையாகவும் அவற்றுக்குரிய முடிக்குஞ் சொற்களை மற்றொரு வரிசையாகவும் நிறுத்தி, இடம் நோக்கிப் பொருள் கொள்ளச் செய்வது அது. வரிசை தலைகீழாக நிற்பின் அதனையும் எதிர் நிரல்நிறை என இலக்கணத்துள் அடக்கினர். படிப்போன் குறிப்பறிந்து பொருத்திக் கொள்வான் என்பது துணிபு. குறிப்பறியாக் கணினியிடம் இவ்வுத்தி ஒப்படைக்கப்பட்டபொழுது நேர்ந்தது யாது என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

ரியூப்பிள் என்பது சில மதிப்புகளை வரிசை பிறழாது ஒருங்கே கட்டிய தொகுதி. உறுப்புகளுக்குத் தனிப்பெயர் வேண்டுவதில்லை. நிற்கும் இடமே பெயர். கணிதர் கையாண்டுவந்த இச்சொல்லைத் தரவுத்தளத் துறைக்குக் கொணர்ந்தவர் ஐ.பி.எம். நிறுவனத்து எட்கார் கொட். தரவினை ரியூப்பிள்களின் கணமாகக் கண்ட அவரே, உறுப்புகள் பலவாயின் அவற்றின் வரிசையை நினைவிற் கொள்ளல் பயன்படுத்துவோர்க்குச் சுமையாகும் என உணர்ந்து, பெயரால் அழைக்கும் முறையினையும் 1970 ஆம் ஆண்டின் அதே கட்டுரையில் முன்மொழிந்தார். பின்வந்தோர் பலர் கட்டுரையின் முற்பகுதியை மட்டுமே படித்தனர் போலும்.

பொருள்நோக்குச் செய்நிரலாக்கம் வேறு வழியில் வளர்ந்தது. நோர்வேயில் டால், நிகார்ட் என்னும் இருவர் ஆக்கிய சிமுலா 67 மொழியில், தரவும் அதன்மேற் செயற்படும் முறைகளும் வகுப்பு என்னும் ஒரே கூட்டினுள் அமைந்தன. உறுப்புகள் யாவும் பெயர் பெற்றன. இம்மரபில் வந்த ஜாவா (1995) ரியூப்பிளுக்கு இடமளிக்கவில்லை. இரண்டு மதிப்புகளை ஒருங்கே திருப்பியனுப்பவும் தனி வகுப்பொன்றை எழுதுதல் வழக்கமாயிற்று. இஃது ஈயை அடிக்க உலக்கை எடுத்தவாறாம். 1991 இல் வெளிவந்த பைதனோ இரண்டினையும் அருகருகே வைத்தது.

இடத்தை நம்புவதன் கேட்டினை வெள்ளவத்தையே காட்டும். அவ்வூரின் அகலக்கோடு ஏறத்தாழ 6.87 பாகை வடக்கு, நெடுங்கோடு 79.86 பாகை கிழக்கு. இவ்விரண்டும் ரியூப்பிளொன்றில் இடம் மாறின் வெள்ளவத்தை வடதுருவத்தை அண்டி, சுவால்பார்ட் தீவுகளுக்கு மேற்கே கடலில் விழும். இரண்டும் தசம எண்களாதலின் மொழிபெயர்ப்பி ஐயுறாது. அகலக்கோட்டை முன்னர்க் கூறுவது பொதுவழக்கு. 2016 இல் நெறிப்படுத்தப்பட்ட ஜியோஜேசன் என்னும் தரவமைப்போ நெடுங்கோட்டை முன்வைக்கும். ஆதலின் இப்பிழை கற்பனையன்று, நாளும் நிகழத்தக்கது.

இதற்கு இரு மரபினரும் கண்ட மருந்து ஒன்றே. பைதன் 2008 இல் பெயருடை ரியூப்பிளைச் சேர்த்துக்கொண்டது. சீ ஷார்ப் 2017 இல் ரியூப்பிளின் உறுப்புகளுக்குப் பெயரிட இசைந்தது. ஜாவா 2021 இல் ரெக்கோட் என்னும் சிறுவகுப்பினை நிலைப்படுத்தியது. கொழும்பிலும் இவ்வாராய்ச்சி நடந்தது. 2005 இல் தொடங்கிய டபிள்யூ.எஸ்.ஓ.2 நிறுவனத்தாரின் பலரீனா மொழி, ஜேம்ஸ் கிளார்க்கின் துணையோடு உருவாகி, 2019 இல் முதலாம் பதிப்பாக வெளிவந்தது. அதில் ரியூப்பிள், ரெக்கோட், வகுப்பு மூன்றும் உள. பைதனிற் போலன்றி அதன் ரியூப்பிளின் உறுப்புகளை மாற்றவும் இயலும். வேண்டாதவர் மாற்றவியலாதது என வெளிப்படக் குறித்தல் வேண்டும்.

செயற்கூறொன்றினுள் பிறந்து அங்கேயே அவிழ்க்கப்படும் இணைக்கு ரியூப்பிள் போதும். கொட்டாஞ்சேனையில் ஒருவர் எழுதி, வெள்ளவத்தையில் மற்றொருவர் படிக்கவிருக்கும் தரவுக்கு ரெக்கோட்டே தக்கது. எழுதியவரின் மனத்திலிருந்த வரிசை படிப்பவரோடு கூட வருவதில்லை.