சிக்கிக்கொள்வதற்கென்றே செய்த பூட்டு

வாயிற்கதவின் பூட்டுச் சிக்கிக்கொண்டால் நமக்குச் சினம் வருகிறது. ஆனால் மாணவ நேயர்களே, சிக்கிக்கொள்வதையே தன் பெருமையாகக் கொண்ட பூட்டு ஒன்று இருந்தது.

1817ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத் கப்பல் தளத்தில் கள்ளச் சாவியால் ஒரு திருட்டு நடந்தது. கள்ளச் சாவிக்குத் திறவாத பூட்டைச் செய்பவருக்குப் பரிசளிப்பதாக அரசாங்கம் அறிவித்தது. மறு ஆண்டே ஜெரமையா சப் என்பவர் அத்தகைய பூட்டுக்குக் காப்புரிமை பெற்றார்.

அப்பூட்டினுள் தகடுகள் சில ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருந்தன. நம் திண்டுக்கல் பூட்டுகளிலும் இத்தகைய தகடுகள் உண்டு. சாவியின் பற்கள் ஒவ்வொரு தகட்டையும் அதற்குரிய அளவுக்கு உயர்த்தினால்தான் பூட்டின் நாக்கு நகரும். உயரம் குறைந்தாலும் நகராது, மிகுந்தாலும் நகராது. இம்முறையை 1778இலேயே ராபர்ட் பாரன் கண்டிருந்தார். சப் சேர்த்த புதுமை யாதெனில், ஒரு தகடு அளவு மீறி உயர்ந்தால் ஒரு வில் அதைப் பற்றிக்கொள்ளும். பிறகு மெய்யான சாவிக்கும் பூட்டு வழிவிடாது. உரியவர் வந்து சாவியைத் திருப்பியதும், அயலார் கை பட்டிருக்கிறது என்பது தெரிந்துவிடும். வேறொரு சாவியால்தான் அதை விடுவிக்க வேண்டும்.

சிறைச்சாலையாகப் பயன்பட்ட பழைய கப்பல் ஒன்றில் பூட்டுத் தொழில் அறிந்த கைதி ஒருவன் இருந்தான். இதைத் திறந்தால் விடுதலையும் 100 பவுனும் உண்டு என்றார்கள். பல வாரம் முயன்று தோற்றான். பணத்தை விடுங்கள், விடுதலையே எதிரில் இருந்தும் திறக்க முடியாமற்போன அவனை எண்ணினால் எனக்கு இரக்கமே மிகுகிறது.

1851இல் லண்டன் பெருங்கண்காட்சிக்கு வந்த அமெரிக்கர் ஆல்பிரட் ஹாப்ஸ், சப் பூட்டொன்றை 25 நிமிடத்தில் திறந்துவிட்டார். திருடனைக் காட்டிக்கொடுக்க வைத்த பொறியையே பூட்டுக்கு எதிராகத் திருப்பினார். இத்தகைய குறைகளை வெளியிடலாமா என்ற விவாதம் எழுந்தது. வெளியிடுவதே முறை என்பேன். மறைத்தால் ஏமாறுபவர் வீட்டுக்காரரே அல்லரோ?

நம் வீட்டுப் பூட்டுச் சிக்குவதன் காரணமும் அந்த அளவு நுட்பத்தில்தான் இருக்கிறது. ஆயினும் முதலில் கதவைப் பாருங்கள். ஐப்பசி மழையில் மரம் உப்பினால், பூட்டின் நாக்கு நிலைத்துளையில் இறுகிவிடும். என் வீட்டில் இது ஆண்டுதோறும் நிகழ்வது. கதவை நிலையோடு அழுத்திப் பிடித்துச் சாவியைத் திருப்பினால் திறந்துகொள்ளும். வலிந்து முறுக்கினாலோ சாவி ஒடிந்து உள்ளே தங்கிவிடும்.

கதவு திறந்திருக்கும்போதும் சாவி திரும்பவில்லையென்றால் பூட்டினுள்தான் குறை. உடனே தேங்காயெண்ணெய் விடுவார் பலர். அது தூசியைச் சேர்த்துக்கொண்டு பிசினாகித் தகடுகளை ஒட்டவைக்கும். மயிரிழை அளவு உயரம் தவறினாலும் நாக்கு நகராதே! பென்சில் கரியைச் சுரண்டிச் சாவியின் பற்களில் தடவி, நாலைந்து முறை மெல்லச் செலுத்தி எடுங்கள். உலர்ந்த கரியில் தூசி ஒட்டாது. தகடுகளும் வழுக்கி நகரும்.