குண்டடிக்குப் பின் ஒரு குரல்: எம்.ஜி.ஆரின் திரைவாழ்வில் 1967

தமிழ்த் திரைப்படம் நாடக மேடையிலிருந்து பெற்ற முதற்பெரும் உடைமை வசனமாகும். மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் சிறுவயதிலேயே சேர்ந்து பயின்ற எம்.ஜி. இராமச்சந்திரனும் அம்மரபில் வந்தவரே. 1950இல் வெளிவந்த மந்திரிகுமாரி, 1958இல் அவரே இயக்கிய நாடோடி மன்னன் ஆகியவற்றில் வாள்வீச்சுக்கு இணையாகப் பேச்சும் இடம்பெற்றிருந்ததை நாம் அறிவோம். அத்தகைய நடிகர் ஒருவர் பேச்சில் ஊனமுறுவது, கைகால் ஊனத்தைக் காட்டிலும் தொழிலுக்குக் கேடானது. 1959இல் சீர்காழியில் இன்பக்கனவு நாடகத்தின்போது அவருக்குக் கால்முறிவு ஏற்பட்டது. அது குணமாகி அவர் மீண்டும் சண்டைக்காட்சிகளில் நடித்தார். 1967இல் நேர்ந்ததோ முழுமையாகக் குணமாகவில்லை.

அவ்வாண்டு சனவரி 12ஆம் நாள், இராமாவரம் இல்லத்தில் சக நடிகர் எம்.ஆர். இராதா அவரைச் சுட்டார். பின் தம்மையும் சுட்டுக்கொண்டார். இருவரும் உயிர் பிழைத்தனர். எம்.ஜி.ஆரின் கழுத்தில் குண்டு பாய்ந்திருந்தது. மறுநாளே அவர் நடித்த தாய்க்குத் தலைமகன் திரைக்கு வந்தது. கொட்டகையில் பழைய குரல் ஒலித்துக்கொண்டிருக்க, அதற்குரியவர் மருத்துவமனையில் கிடந்தார். கழுத்துக் கட்டுடன் எடுக்கப்பட்ட படம் தேர்தல் சுவரொட்டியாயிற்று. படுக்கையில் இருந்தவாறே பரங்கிமலைத் தொகுதியில் அவர் வென்றார். அரசியல் வரலாற்றாசிரியர்கள் இதனைப் பலவாறு எழுதியுள்ளனர். குரல் என்னவாயிற்று என்பதை அவர்கள் அதே அளவு கருதினாரில்லை.

ஒரு காதில் கேள்வித்திறன் குன்றியது. உச்சரிப்பு நிலையாகவே மழுங்கியது. அக்காலத்தில் இரவல் குரல் கொடுக்கும் தொழில்நுட்பம் புதியதன்று. ஆயினும் அவர் தம் குரலிலேயே பேசினார். 1967 செப்டம்பரில் வெளிவந்த காவல்காரன் படத்தைக் கூர்ந்து கேட்போர் மாறிய குரலை உணரலாம்.

மக்கள் இதனை ஏற்றதற்கு அன்பு ஒன்றையே காரணமாகக் கூறுவது வழக்கம். அது போதாது என்பது நம் கருத்து. பின்னணிப் பாடல்முறை அவருக்குப் பெருந்துணை புரிந்தது. டி.எம். சௌந்தரராஜனின் பாட்டுக்குரல் குண்டடிக்கு முன்னும் பின்னும் மாறாது ஒலித்தது. 1969இல் அடிமைப்பெண்ணில் எஸ்.பி. பாலசுப்பிரமணியத்தின் இளங்குரலும் சேர்ந்துகொண்டது. பாட்டில் பிறர் குரலை ஏற்றுப் பழகிய சுவைஞர், பேச்சிலும் அதனை ஏற்றிருக்கக்கூடும். ஆனால் பேச்சில் பிறர் குரல் ஒலித்திருந்தால், நாடறிந்த காயம் திரையில் மறைக்கப்பட்டதாகியிருக்கும். காயம்பட்ட குரலோ, பேசுபவர் அவரே என்பதற்குச் சான்றாக நின்றது. பலகுரல் கலைஞர்கள் இன்று எம்.ஜி.ஆராகப் பேசிக் காட்டுவது பெரும்பாலும் இப்பிந்தைய குரலையே. முந்தைய தெளிந்த குரலை இளையோர்க்கு ஒலிக்கச் செய்தால் வியப்படையக்கூடும்.

அக்குரலோடு அவர் பதினோராண்டுகள் நடித்தார். ரிக்சாக்காரன் (1971) படத்திற்காகச் சிறந்த நடிகருக்கான தேசிய விருது பெற்றார். சிங்கப்பூரிலும் காட்சிகள் எடுக்கப்பட்ட உலகம் சுற்றும் வாலிபன் (1973) படத்தை இயக்கி, அதில் இரட்டை வேடமும் ஏற்றார். 1977இல் முதலமைச்சரான பின்னர், 1978 சனவரியில் வெளிவந்த இறுதிப்படம் மதுரையை மீட்ட சுந்தரபாண்டியன். அகிலனின் கயல்விழி என்னும் புதினத்தைத் தழுவிய அரசகதை அது. செந்தமிழ் வசனம் தவிர்க்கவியலாத வகை. அவ்வசனத்தையும் அவர் அதே குரலில்தான் பேசியுள்ளார்.