கூட்டத்துக்கான தாளும் சான்றுக்கான தாளும்: பெருந்தொற்றுக் காலத்தில் விவேக் நகர் அச்சகமும் ஜெராக்ஸ் கடையும்

கொரோனா அச்சுத் தொழிலை முடக்கிப்போட்டது என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். பெங்களூரு விவேக் நகரை வைத்துப் பார்த்தால் அது பாதி உண்மைதான். மக்களைக் கூட்டுவதற்கு அச்சாகும் தாள் ஒரு வகை. அரசு அலுவலகத்திலும் பள்ளியிலும் காட்டுவதற்கு அச்சாகும் தாள் வேறு வகை. முதலாவது 2020 மார்ச்சில் நின்றது. இரண்டாவதன் தேவை அதே ஊரடங்கில் பெருகியது. இந்த இரண்டாவது வேலையைச் செய்த சிறுகடைகளை அத்தியாவசியச் சேவையாகவும் அரசு எண்ணவில்லை, நலிந்த தொழிலாகவும் எண்ணவில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

விவேக் நகர் தமிழர் நெடுங்காலமாக நிறைந்து வாழும் பகுதி. ஆஸ்டின் டவுனும் நீலசந்திராவும் ஈஜிபுராவும் சுற்றியிருக்க, குழந்தை இயேசு திருத்தலம் நடுநாயகமாக நிற்கிறது. வியாழக்கிழமைதோறும் நவநாள், ஜனவரி 14இல் திருவிழா. இப்படிப்பட்ட இடத்தில் கல்யாணப் பத்திரிகை, செப அட்டை, கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ், சீட்டுப் புத்தகம், பில் புக் என்று அச்சு வேலை ஊர்வாழ்வோடு பின்னிப்பிணைந்தது. 2018 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் தலையிட்டு மாநகராட்சி ஃபிளெக்ஸ் பேனர்களை அகற்றியபோதே ஒரு வருமானம் போயிருந்தது. எஞ்சியதன் மேல் ஊரடங்கு விழுந்தது. வழிபாட்டிடங்கள் 2020 ஜூன் 8 வரை திறக்கவில்லை. திருமணத்துக்கு 50 பேர் என்ற வரம்பு வந்தது.

இந்த 50 என்ற எண் ஆஃப்செட் அச்சகத்தை எப்படித் தாக்கியது என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். ஆயிரம் பத்திரிகை அடித்தாலும் ஐம்பது அடித்தாலும் டிசைன், பிளேட், மெஷினில் ஏற்றி வண்ணம் சேரும்வரை வீணாகும் தாள், எல்லாம் ஏறக்குறைய ஒரே செலவு. எண்ணிக்கை பெருகினால்தான் ஒரு பத்திரிகையின் விலை கட்டுப்படியாகும். ஐம்பது பேரை அழைக்க வாட்ஸ்அப் போதும். மிஞ்சினால் டிஜிட்டல் பிரிண்ட் போதும். ஆகவே திருமணங்கள் நடந்தபோதும் ஆஃப்செட்டுக்கு வேலை திரும்பவில்லை. ஓடாத இயந்திரமும் சும்மா இருப்பதில்லை: மை உறைகிறது, உருளைகள் கெட்டிப்படுகின்றன.

சிவகாசியில் இதே அடி வேறு வழியாக வந்தது. அங்கே ஆடிப்பெருக்கன்று காலண்டர் ஆல்பம் வெளியிட்டு ஆண்டின் ஆர்டர் பிடிப்பது வழக்கம். 2020இல் அந்த நாள் ஆகஸ்ட் 2. சரியாக ஒரு மாதம் கழித்து, செப்டம்பர் 2 அன்று, அமைச்சகங்களும் பொதுத்துறை நிறுவனங்களும் வங்கிகளும் காலண்டர், டைரி அச்சிடக் கூடாது என்று மத்திய நிதியமைச்சகம் உத்தரவிட்டது. தொற்று ஒருபுறம் இருக்க, இது அரசே விளைவித்த இழப்பு.

இனி ஜெராக்ஸ் கடை. 2020 மார்ச் 24 அன்று வந்த மத்திய உத்தரவு அச்சு ஊடகத்துக்கு விலக்கு அளித்தது. ஏப்ரல் 21 விளக்கத்தில் பாடப்புத்தகக் கடைக்கும் மின்விசிறிக் கடைக்கும் இடம் கிடைத்தது. நகலெடுக்கும் கடை பெயர்பெறவில்லை. ஆனால் மே மாதம் ஊர் திரும்ப விரும்பியவர்களை சேவா சிந்து இணையதளத்தில் விண்ணப்பிக்கச் சொன்னது கர்நாடக அரசு. தமிழ்நாட்டுக்குள் நுழைய இ-பாஸ். வீட்டில் கணினியும் பிரிண்டரும் இல்லாத கட்டடத் தொழிலாளிக்கு விண்ணப்பத்தை நிரப்பி, ஆதாரை ஸ்கேன் செய்து, தாளில் எடுத்துத் தர யார் இருந்தார்கள்? ஆன்லைன் வகுப்பின் பாடத்தாள்களுக்கும் இதே கடைதான். 2021 டிசம்பரில், இரண்டு டோஸ் போட்டவர்களுக்கே மால், தியேட்டரில் அனுமதி என்று மாநில அரசு அறிவித்தபின், தடுப்பூசிச் சான்றிதழை அச்சிட்டு லேமினேஷன் செய்யவும் மக்கள் அங்கேதான் போனார்கள். மின்னாளுகையின் கடைசிப் படி இந்தக் கடைகளில்தான் இருந்தது.

அப்படியானால் கடைக்காரருக்கு இழப்பில்லையே என்று ஒருவர் கேட்கலாம். பக்கத்துக்குச் சில ரூபாய் வரும் வேலை, ஒரு கல்யாண ஆர்டரின் இடத்தை நிரப்பாது. வாடகைக்கு எடுத்த இயந்திரமென்றால், மாதக் குறைந்தபட்சப் பிரதி ஓடினாலும் ஓடாவிட்டாலும் பணம் கட்ட வேண்டும். தேவை இருந்த நாட்கள் பலவற்றில் கடையின் ஷட்டரும் மூடியே இருந்தது.

நிவாரணத்தைப் பாருங்கள். 2020 மே 6 அன்று கர்நாடகம் அறிவித்த 1,610 கோடி ரூபாய்த் தொகுப்பில் முடிதிருத்துவோர், சலவைத் தொழிலாளர், ஆட்டோ ஓட்டுநர் ஆகியோர் இருந்தனர். 2021 மே 19இன் 1,250 கோடித் தொகுப்பில் தையல்காரர், மெக்கானிக், வீட்டுவேலை செய்வோர் சேர்ந்தனர். அவர்கள் அனைவருக்கும் அது நியாயமான உரிமை. ஜெராக்ஸ் கடைக்காரரும் அச்சகத் தொழிலாளரும் அந்தப் பட்டியல்களில் இல்லை. மத்திய அரசின் அவசரக் கடன் உறுதித் திட்டமோ 2020 பிப்ரவரி 29 அன்று நிலுவையிலிருந்த கடனில் 20 சதவீதம் கூடுதலாகத் தந்தது. வங்கிக் கடனே வாங்காதவருக்கு இருபது சதவீதம் என்பது பூஜ்யம். ஸ்வநிதி கடன் திட்டம் தெருவோர வியாபாரிகளுக்கானது. வாடகைக்கு ஒரு சிறு கடை பிடித்திருப்பதே இவர்களுக்குத் தடையாயிற்று.

தொழில் எழ முயன்ற நேரத்தில், 2021 அக்டோபர் 1 முதல், அட்டைகள் உள்ளிட்ட அச்சுப் பொருட்கள் பலவற்றின் ஜிஎஸ்டி 12இலிருந்து 18 சதவீதமானது. காகித விலையும் அப்போது ஏறிக்கொண்டிருந்தது.

அடுத்த பேரிடருக்கான அத்தியாவசியச் சேவைப் பட்டியலில் நகலெடுக்கும் கடையைக் கர்நாடக அரசு இப்போதே சேர்க்க வேண்டும். வார்டுவாரியாக அவற்றைக் கணக்கெடுக்க மாநகராட்சி முன்வர வேண்டும்.