தவறான விடைகளைப் படித்தவர்கள்: கல்லூரி இயற்பியல் வகுப்பு மாறிய வரலாறு

மேலே எறிந்த கல் ஏறிக்கொண்டிருக்கும்போது அதன்மீது செயல்படும் விசை எது? காற்றின் தடையை விட்டுவிட்டால், புவியீர்ப்பு ஒன்றுதான். ஆனால், எறிந்த கையின் விசை கல்லுக்குள் இன்னும் இருக்கிறது, அது தீர்ந்ததும் கல் விழுகிறது என்று கல்லூரி மாணவர்கள் பலர் நம்புகிறார்கள். இடைக்கால ஐரோப்பிய அறிஞர்களும் ஏறத்தாழ இப்படித்தான் எண்ணினார்கள். தள்ளுவதை நிறுத்தினால் வண்டி நின்றுவிடுவதைச் சிறுவயது முதல் பார்த்து வளர்ந்த மனத்துக்கு இது இயல்பான முடிவே. இதை அறியாமை என்று தள்ளிவிட முடியாது. அனுபவம் கற்றுக்கொடுத்த அறிவு இது. அதனால்தான் எளிதில் அசைவதில்லை.

அது எவ்வளவு அசையாதது என்பதை 1985இல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தின் இப்ராஹிம் ஹாலூன், டேவிட் ஹெஸ்டனஸ் இருவரும் அளந்து காட்டினார்கள். வெவ்வேறு பாணியில் பாடம் நடத்திய நான்கு பேராசிரியர்களின் மாணவர்களுக்குப் பருவத் தொடக்கத்திலும் முடிவிலும் ஒரே சோதனையை வைத்தார்கள். யாருடைய வகுப்பானாலும் முன்னேற்றம் சிறிதாகவே இருந்தது. வகுப்புக்கு வகுப்பு வேறுபாடும் பெரிதாக இல்லை. விரிவுரையைச் செம்மைப்படுத்தினால் போதும் என்ற நம்பிக்கைக்கு விழுந்த பலத்த அடியாகவே இதை நான் கருதுகிறேன். அச்சோதனையிலிருந்து வளர்ந்ததுதான் 1992இல் வெளிவந்த விசைக் கருத்தறி சோதனை. அதன் வலிமை தவறான விடைகளில் இருந்தது. கணக்கு எதுவும் கிடையாது. மாணவர்கள் உண்மையிலேயே நம்பும் பிழைகளே சரியான விடைக்கு அருகில் தெரிவுகளாக நின்றன.

ஹார்வர்டில் 1984 முதல் கற்பித்துவந்த எரிக் மசூருக்கு மாணவர்களிடம் நல்ல பெயர் இருந்தது. கடினமான கணக்குகளையும் அவர்கள் போட்டார்கள். அரிசோனா ஆய்வைப் படித்த அவர், தம் மாணவர்களுக்கு அப்படி நேராது என்ற உறுதியோடு 1990இல் அதே வகைக் கேள்விகளைக் கொடுத்தார். ஒரு மாணவி எழுந்து, நீங்கள் கற்பித்தபடி விடை எழுதவா, நான் நினைக்கிறபடி எழுதவா என்ற பொருளில் கேட்டார். அக்கேள்விகளில் ஒன்று மோதல் பற்றியது: கனரக லாரியும் சிறு காரும் மோதினால் ஒன்றன்மீது ஒன்று செலுத்தும் விசை சமம். நியூட்டனின் மூன்றாம் விதியை வரி பிசகாமல் ஒப்பிப்பவர்களே இங்கே தடுமாறினார்கள்.

மசூர் விளக்கிப் பார்த்தார், குழப்பம் கூடியது. பக்கத்தில் இருப்பவரோடு பேசிப் பாருங்கள் என்றார். சில நிமிடங்களில் அரங்கு தெளிந்தது. காரணத்தையும் அவரே கண்டார்: நேற்றுப் புரிந்துகொண்ட மாணவருக்குத் தாம் இடறிய இடம் நினைவிருக்கும்; பல்லாண்டுகளுக்கு முன் கடந்துவந்த ஆசிரியருக்கு அது மறந்துபோயிருக்கும். இதிலிருந்து பிறந்த முறையில் ஆசிரியர் சிறிது நேரம் விளக்கிவிட்டுக் கேள்வி கேட்பார். மாணவர் தனியாக விடை தருவார், அண்டையில் இருப்பவரோடு வாதிடுவார், மறுபடி விடை தருவார். விடை அறிந்தவர் மிகக் குறைவானால் வாதம் ஓடாது. எல்லாரும் அறிந்திருந்தால் வாதத்துக்கே வேலையில்லை. ஆகவே கேள்வியைத் தேர்வதுதான் ஆசிரியரின் பெரும்பணி ஆயிற்று.

1998இல் ரிச்சர்டு ஹேக் இத்தகைய சோதனைகளில் 62 வகுப்புகளின், 6,542 மாணவர்களின் முடிவுகளைத் தொகுத்தார். தொடக்கச் சோதனையில் எட்டாமல் விட்ட மதிப்பெண்ணில், விரிவுரை மட்டும் கேட்ட வகுப்புகள் சராசரியாக 23 விழுக்காட்டை எட்டிப்பிடித்தன. மாணவர் பங்கேற்ற வகுப்புகள் 48 விழுக்காட்டை. ஆசிரியர்கள் தாமாக அனுப்பிய தரவுகள் பல இதில் அடங்கும் என்பதை மறக்கக் கூடாது. ஆயினும் 2014இல் ஸ்காட் ஃப்ரீமன் குழு அறிவியல், பொறியியல், கணிதத் துறைகளில் 225 ஆய்வுகளை ஒருங்கிணைத்தபோதும் திசை மாறவில்லை: விரிவுரை வகுப்புகளில் தோல்வி 33.8 விழுக்காடு, பங்கேற்பு வகுப்புகளில் 21.8.

இத்தனைக்குப் பிறகும் விரிவுரை ஏன் நீடிக்கிறது? 2019இல் ஹார்வர்டில் லூயி டெலொரியே குழு செய்த ஆய்வு ஒரு விடை தருகிறது. ஒரே பாடப்பொருளை ஒரு பிரிவு நேர்த்தியான விரிவுரையாகக் கேட்டது. மற்றப் பிரிவு தானே முயன்று கற்றது. முயன்றவர்கள் சோதனையில் அதிகம் பெற்றார்கள். ஆனால் குறைவாகக் கற்றதாகவே உணர்ந்தார்கள். தங்குதடையற்ற பேச்சு புரிந்துவிட்டது என்ற உணர்வைத் தருகிறது. திணறலோ கற்கவில்லை என்று தோன்ற வைக்கிறது. அதனால், இந்தத் திணறல் எதற்காக என்பதைப் பருவத்தின் தொடக்கத்திலேயே மாணவர்களிடம் எடுத்துச் சொல்லிவிட வேண்டும் என்று அக்குழு பரிந்துரைத்தது.