ஹெரால்ட் கியர்பாக்ஸும் அதன் ஸ்போர்ட்ஸ் கார் தம்பியும்

மேற்கு மாம்பலத்திலிருந்து காரில் தி.நகர் பக்கம் போகிறவர்களுக்குத் துரைசாமி சப்வேயைத் தெரியாமல் இருக்காது. சாயங்கால நேரத்தில் பள்ளத்தில் இறங்கி, நடுவில் மாட்டி, முன்னால் இருப்பவன் நகர்ந்ததும் மேட்டில் ஊர்ந்து ஏற வேண்டும். இன்றைய காரில் இது ஒரு விஷயமே இல்லை. ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் ஓட்டியவர்களைக் கேட்டால் வேறு கதை சொல்வார்கள். ஊர்ந்து கொண்டிருக்கும்போதே இரண்டாவதிலிருந்து முதல் கியருக்கு மாற்றினால் 'கர்ர்ர்' என்று ஒரு சத்தம் வரும் பாருங்கள், பக்கத்து ஆட்டோக்காரர் திரும்பிப் பார்ப்பார்!

காரணம் ரொம்ப எளிது. ஹெரால்டில் கியர் நான்கு. அதில் இரண்டு, மூன்று, நான்குக்கு மட்டும்தான் சின்க்ரோ உண்டு, முதல் கியருக்குக் கிடையாது. சின்க்ரோ என்பது ஒரு பித்தளை வளையம். கியர் விழுவதற்கு முன்னால் இந்த வளையம் கியரின் கூம்பு மேல் உரசி, இரண்டின் வேகத்தையும் ஒன்றாக்கும். அதற்குப் பிறகுதான் பல்லும் பல்லும் சேரும். வளையம் இல்லாவிட்டால் ஓடுகிற பல்லும் நிற்கிற பல்லும் நேருக்கு நேர் மோதும். ஆகவே வண்டியை முழுதாக நிறுத்திவிட்டு முதல் கியர் போட வேண்டும். இல்லையென்றால் டபுள் டீகிளட்ச்: கிளட்சை மிதித்து நியூட்ரல், கிளட்சை விட்டு ஆக்ஸிலேட்டரில் ஒரு மிதி, மறுபடி கிளட்ச், பிறகு முதல் கியர். பழகியவர்களுக்கு ஒரு நொடி வேலை. பழகாதவர்களுக்குக் கியர்பாக்ஸ் செலவு.

இந்தக் கார் எங்கிருந்து வந்தது? மாம்பலத்தில் மின்சார ரயில் ஏறித் தாம்பரத்தைத் தாண்டினால் பெருங்களத்தூர், வண்டலூர். அந்தப் பக்கம்தான் ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியாவின் தொழிற்சாலை இருந்தது. 1948இல் மெட்ராஸின் யூனியன் கம்பெனியும் இங்கிலாந்தில் காவென்ட்ரி நகரத்து ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனியும் சேர்ந்து ஆரம்பித்தது. முதலில் வேன்கார்ட், பிறகு ஸ்டாண்டர்ட் 10, பென்னன்ட் என்று வரிசையாக வந்தன. இந்தியாவிலேயே உதிரி பாகம் செய்யும் திட்டம் இல்லாத கம்பெனிகளுக்கு இங்கே இடமில்லை என்று 1953இல் கொள்கை முடிவானதும் ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் கடையைக் கட்டின. மெட்ராஸ் ஸ்டாண்டர்ட் நின்றது. நின்றதற்கு விலை, கியர் முதல் ஆக்ஸில் வரை எல்லாவற்றையும் படிப்படியாக இங்கேயே செய்தாக வேண்டும் என்பது.

1961இல் ஹெரால்ட் இங்கே வந்தது. இங்கிலாந்தில் அது 1959இலேயே வெளியாகிவிட்டது, 'ட்ரையம்ஃப்' என்ற பெயரில். வடிவமைத்தவர் இத்தாலிக்காரர் ஜியோவானி மிக்கெலோட்டி. அம்பாசிடரிலும் ஃபியட்டிலும் கியர் தண்டு ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் இருந்த காலத்தில், ஹெரால்டில் அது தரையிலிருந்து நிமிர்ந்து நின்றது. டாக்டர் வீட்டுக் காராகவும் வக்கீல் வீட்டுக் காராகவும் இருந்தாலும் ஓட்டுகிறவருக்கு ஒரு ஸ்போர்ட்ஸ் கார் நினைப்பு வந்தால் அதில் தப்பில்லை. ஏனென்றால் அது பாதி உண்மை!

மிக்கெலோட்டி இதே ஹெரால்டின் அடித்தளத்தைக் குட்டையாக்கி, மேலே இரண்டு பேர் உட்காரும் திறந்த உடம்பு வைக்க, 1962இல் விற்பனைக்கு வந்ததுதான் ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர். முன் சக்கர அமைப்பு ஹெரால்டுடையது. கியர்பாக்ஸும் ஹெரால்டுடையதே, முதல் கியருக்கு சின்க்ரோ இல்லாத அதே பெட்டி. அதற்கும் ஒரு பூர்வீகம் உண்டு. 1953இல் வந்த ஸ்டாண்டர்ட் 8 என்ற சின்னக் கார்தான் அதன் மூலம். சிக்கனத்துக்காகச் செய்த பெட்டி குடும்பக் காருக்குப் போய், அங்கிருந்து ஸ்போர்ட்ஸ் காருக்குப் போனது. ஸ்பிட்ஃபயர் சாமானியர்கள் வாங்கும் விலையில் இருந்ததற்கு இந்தக் கடன் வாங்கிய பாகங்கள் ஒரு முக்கியக் காரணம். 1980 வரை சுமார் 3,14,000 ஸ்பிட்ஃபயர்கள் விற்றன.

மெட்ராஸ் ஹெரால்டும் சும்மா இருக்கவில்லை. யுத்த கால விமான ஓடுதளமான சோழவரத்தில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்திய பந்தயங்களில் ஹெரால்டுகள் ஓடின. சப்வேயில் பொறுமையாக ஏறிய அதே பெட்டிதான் அங்கே திருப்பத்துக்குத் திருப்பம் அடி வாங்கியது.

இதற்குள் இங்கிலாந்துக்காரர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். ஹெரால்டுக்கு 1147 சிசி, பிறகு 1296 சிசி எஞ்சின் கொடுத்தார்கள். 1970இல் வந்த நான்காவது தலைமுறை ஸ்பிட்ஃபயரில் முதல் கியருக்கும் சின்க்ரோ வைத்தார்கள். இங்கேயோ அதே 948 சிசி, அதே பெட்டி. அதற்காக மெட்ராஸ்காரர்களைச் சோம்பேறிகள் என்று சொல்லிவிட முடியாது. இங்கிலாந்தில் ஹெரால்டுக்கு இரண்டு கதவுதான். நம் வீட்டுப் பெரியவர்கள் பின் சீட்டுக்கு வளைந்து நுழைய முடியாது என்று புரிந்துகொண்டு, 1960களின் பிற்பகுதியில் நாலு கதவு ஹெரால்டை உருவாக்கியது மெட்ராஸ்தான்.

கியர்பாக்ஸை மட்டும் ஏன் விட்டார்கள்? கொஞ்சம் கணக்குப் பாருங்கள். பெட்டியை மாற்றுவதென்றால் பல் வெட்டும் கருவிகளில் தொடங்கிப் பலவும் புதிதாக வேண்டும். கருவி இறக்குமதிக்கு லைசென்ஸ் வேண்டும், அந்நியச் செலாவணி வேண்டும். செலவை விலையில் ஏற்றலாம் என்றால் அதுவும் கம்பெனி கையில் இல்லை. 1969இல் மத்திய அரசே கார் விலையை நிர்ணயித்து உத்தரவு போட்டது, வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போனது. இந்த நிலையில் ஒரு பித்தளை வளையத்துக்காக எந்த முதலாளி பணம் போடுவார்? வாடிக்கையாளரிடமும் புகார் பெரிதாக எழவில்லை. அவருக்குக் கார் கிடைத்ததே பெரிய விஷயம்.

1972இல் 'கெஸல்' என்று பெயர் மாற்றிப் பார்த்தார்கள். 1970களின் பிற்பகுதியோடு அதுவும் போயிற்று. 1985இல் ரோவரின் உடம்பில் பழைய வேன்கார்ட் எஞ்சினை வைத்து ஸ்டாண்டர்ட் 2000 வந்தது. மாருதி வந்துவிட்ட பிறகு அந்த விலைக்கு, அந்த மைலேஜுக்கு யார் வாங்குவார்கள்? 1988இல் தயாரிப்பு நின்றது. அந்த இடத்தில் இன்று ஐ.டி. கட்டடங்களும் அடுக்குமாடிக் குடியிருப்புகளும் நிற்கின்றன.

கம்பெனி போனாலும் கார்கள் போகவில்லை. இன்றைக்கும் ஹெரால்டை வைத்துக் காப்பாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் என்றாவது ஒரு நாள் கியர்பாக்ஸைப் பிரித்தே ஆக வேண்டும்.

பிரிக்கும் நேரத்தை அந்தப் பெட்டியே சொல்லிவிடும். ஒன்று, இரண்டு, மூன்றில் இரைச்சல், நான்கில் மட்டும் அமைதி என்றால் லே ஷாஃப்ட் போய்விட்டது என்று அர்த்தம். நான்காவதில் எஞ்சின் சுழற்சி நேராக வெளியே போகும், லே ஷாஃப்ட் பற்கள் சும்மா சுற்றும். மற்ற மூன்றிலும் பாரம் முழுவதும் அதன் வழியாகத்தான். அதைத் தாங்கும் ஊசி போன்ற ரோலர்கள் ஓடி ஓடி, ஷாஃப்டின் மேல் அம்மைத் தழும்பு போலக் குழி விழுந்திருக்கும்.

ஹெரால்டிலும் ஸ்பிட்ஃபயரிலும் பெட்டியைக் கழற்றக் காரை மேலே தூக்கவே வேண்டாம். சீட்டை எடுத்து, நடுவில் இருக்கும் மூடியைக் கழற்றினால் பெட்டி காருக்குள்ளேயே கையில் வந்துவிடும். அதன் பிறகுதான் சோதனை. மெயின் ஷாஃப்டில் மூன்றாவது கியரைப் பிடித்துக்கொண்டு ஒரு சர்க்ளிப் இருக்கிறது. அதை எடுக்கக் கம்பெனி தனிக் கருவியே கொடுத்திருந்தது. கருவி இல்லாதவர்கள் ஸ்க்ரூ டிரைவரை வைத்து நெம்புவார்கள். சர்க்ளிப் பறந்து எங்கே போகிறது என்று கண் தேடும். கிடைத்தாலும் பழையதை மறுபடி போடக் கூடாது. திரும்பப் பூட்டும்போது ரோலர்களும் இரண்டு பக்கத்து வாஷர்களும் விழாமல் இருக்கக் கிரீஸைத் தடவி ஒட்ட வைக்க வேண்டும். ஒரு வாஷர் நழுவினால் எல்லாவற்றையும் மறுபடி பிரிக்க வேண்டியதுதான்.

இன்னொரு சிக்கல். முதல் கியரின் பற்கள் ஒன்று-இரண்டு சின்க்ரோ அமைப்பின் வெளிவட்டத்திலேயே வெட்டப்பட்டவை. சப்வேயில் 'கர்ர்ர்' என்று வாங்கிய அடியெல்லாம் அதில்தான் பதிந்திருக்கும். முதல் கியர் பல் உடைந்தால் இரண்டாவது கியரின் சின்க்ரோவும் சேர்ந்து போகும்.

பாகத்துக்கு எங்கே போவது? ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு, புதுப்பேட்டை என்று அலைய வேண்டும். அதிர்ஷ்டம் இருந்தால் பழைய பெட்டி ஒன்று கிடைக்கும். ஷாஃப்டை லேத்தில் செய்துவிடலாம், ஆனால் மேல்பரப்பைச் சரியாகக் கடினப்படுத்தாவிட்டால் சீக்கிரமே மறுபடி குழி விழும். சின்க்ரோ வளையத்தை அப்படிச் செய்ய முடியாது. அதற்கு இங்கிலாந்தைத்தான் பார்க்க வேண்டும். அங்கே ட்ரையம்ஃப் கம்பெனி மூடிப் பல வருடங்கள் ஆகியும் வளையமும் ஷாஃப்டும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். குடும்பக் காரான ஹெரால்டை மட்டும் நம்பி இவ்வளவு பெரிய வியாபாரம் நடக்காது. ஸ்பிட்ஃபயர் மேல் பைத்தியமாக இருக்கும் ஆயிரக்கணக்கானவர்களுக்காகச் செய்கிறார்கள், அண்ணனுக்கும் அதில் பங்கு கிடைக்கிறது. முதல் மூன்று தலைமுறை ஸ்பிட்ஃபயரின் பாகமாகப் பார்த்து, மெட்ராஸ் பெட்டியோடு அளந்து வாங்க வேண்டும். விலையோடு சுங்க வரியும் கட்ட வேண்டும்.

சரக்கு எதிர்ப்பக்கமாகவும் போயிருக்கிறது. ஸ்டாண்டர்ட் 2000க்காக வாங்கிப் பயன்படாமல் கிடந்த ரோவர் பாகங்களை 2006இல் ரிம்மர் பிரதர்ஸ் என்ற இங்கிலாந்து உதிரிபாகக் கம்பெனி மொத்தமாக வாங்கிக் கப்பலேற்றியது. பெருங்களத்தூரில் தூசி படிந்து கிடந்ததற்கு அங்கே ஆள் காத்திருந்தது.

ஹெரால்டுக்காரர் கதைக்கு வருவோம். வளையம் வந்து, ஷாஃப்ட் மாற்றி, வாஷர் நழுவாமல் பூட்டி, பெட்டியைக் காருக்குள் இறக்கி எண்ணெய் ஊற்றியாயிற்று. மூன்றில் இரைச்சல் இல்லை, இரண்டு வெண்ணெய் மாதிரி விழுகிறது. முதல் கியருக்கு மட்டும் இப்போதும் சின்க்ரோ கிடையாது. துரைசாமி சப்வே மேட்டில் வண்டியை நிறுத்தித்தான் போட வேண்டும்.