போலீஸை வீடியோ எடுக்கலாமா? டெல்லி போராட்டங்கள் சொல்லும் பதில்

டெல்லி ஜாமியா மில்லியா இஸ்லாமியா பல்கலைக்கழக நூலகத்துக்குள் 2019 டிசம்பர் 15 மாலை என்ன நடந்தது என்பதை நாடு பார்த்தது இரண்டு மாதம் கழித்துத்தான். குடியுரிமைத் திருத்தச் சட்டத்துக்கு எதிரான போராட்டம் வன்முறையாக மாறிய அன்று போலீஸ் வளாகத்துக்குள் நுழைந்தது. 2020 பிப்ரவரி 16 அன்று ஜாமியா ஒருங்கிணைப்புக் குழு ட்விட்டரில் ஒரு சிசிடிவி காட்சியை வெளியிட்டது. ஒரு நிமிடம்கூட இல்லை. படிக்கும் அறையில் உட்கார்ந்திருந்தவர்களைச் சீருடை அணிந்தவர்கள் லத்தியால் அடிப்பது அதில் தெரிந்தது. பல்கலைக்கழக நிர்வாகம் உடனே, "நாங்கள் இதை வெளியிடவில்லை" என்றது.

கதை அங்கேயே முடியவில்லை. அதே நாளில் வேறு சில காட்சிகளும் சுற்ற ஆரம்பித்தன. முகத்தை மூடிய சிலர் அவசரமாக உள்ளே ஓடி வருகிறார்கள், ஒருவர் கையில் கல் இருக்கிறது என்று சொல்லப்பட்டது. ஆல்ட் நியூஸ் அந்தக் காட்சியை ஃபிரேம் ஃபிரேமாகப் பார்த்து, அது கல் இல்லை, பர்ஸ் என்று காட்டியது. ஒரே நூலகம், ஒரே மாலை, எதிரெதிரான இரண்டு கதைகள். வீடியோ இருந்தால் உண்மை தானாக வெளியே வந்துவிடும்னு நாம் நினைக்கிறோம் இல்லையா, அது பாதிதான் சரி. முழுக் காட்சி யாரிடம் இருக்கிறது, யார் எதை வெட்டி வெளியிடுகிறார்கள் என்பதில்தான் மீதி இருக்கிறது.

விவசாயிகள் செய்தது என்ன?

2020 நவம்பர் 26-ல் தொடங்கிய விவசாயிகள் போராட்டம் இந்தப் பாடத்தை நன்றாகவே படித்திருந்தது. சிங்கு, டிக்ரி, காஜிபூர் எல்லைகளில் டிராக்டர் டிராலிகளிலேயே குடியிருந்தவர்கள், டிசம்பர் 18 அன்று 'டிராலி டைம்ஸ்' என்ற நாலு பக்கப் பத்திரிகையைப் பஞ்சாபியிலும் இந்தியிலும் கொண்டு வந்தார்கள். ஸ்மார்ட்போன் பக்கம் போகாத பெரியவர்களுக்கு அது. இளைஞர்களுக்கு 'கிசான் ஏக்தா மோர்ச்சா' என்ற பெயரில் ஃபேஸ்புக், யூடியூப், ட்விட்டர் கணக்குகள். டிசம்பர் 20 அன்று ஃபேஸ்புக் பக்கம் காணாமல் போனது. சில மணி நேரத்தில் திரும்பி வந்தது. தானியங்கி அமைப்பு அதை ஸ்பேம் என்று நினைத்துவிட்டதாக நிறுவனம் விளக்கம் கொடுத்தது. 2021 பிப்ரவரி 1-ல் ட்விட்டர், அரசின் கோரிக்கைப்படி சுமார் 250 கணக்குகளை இந்தியாவில் முடக்கியது. அந்தப் பட்டியலிலும் கிசான் ஏக்தா மோர்ச்சா இருந்தது. சொந்த மேடை இல்லாத இயக்கத்துக்கு இதுதான் சிக்கல்: வீடு கட்டியிருக்கும் மனை வேறொருவருடையது.

இதே சமயத்தில் சிங்குவில் செய்தி சேகரித்த ஃப்ரீலான்ஸ் பத்திரிகையாளர் மன்தீப் புனியா, ஜனவரி 30 அன்று கைது செய்யப்பட்டார். முந்தைய நாள் விவசாயிகள் மீது கல்லெறிந்தவர்கள் யார் என்று தேடி, அவர் ஃபேஸ்புக் லைவில் பேசியிருந்தார். திகார் சிறையில் நோட்டுப் புத்தகம் ஏது? அங்கிருந்த விவசாயிகள் சொன்னதைத் தன் காலில் பேனாவால் எழுதிக்கொண்டு, பிப்ரவரி தொடக்கத்தில் ஜாமீனில் வந்தார். அந்தப் படம் அப்போது எல்லா டைம்லைனிலும் இருந்தது.

இன்டர்நெட்டை வெட்டினால்?

லைவ் போடுவதைத் தடுக்க எளிய வழி நெட்டையே நிறுத்துவது. 2019 டிசம்பர் 19 அன்று மண்டி ஹவுஸ், சீலம்பூர், ஷாஹீன் பாக் உட்பட டெல்லியின் பல பகுதிகளில் காலை 9 முதல் மதியம் 1 வரை சேவை நிறுத்தப்பட்டது. நாட்டின் தலைநகரிலேயே! 2021 குடியரசு தின டிராக்டர் பேரணி அன்றும் போராட்டக் களங்களில் இதுவே நடந்தது. நமக்கும் இது புதிதல்ல. 2018 மே 22 தூத்துக்குடி துப்பாக்கிச் சூட்டுக்கு மறுநாள் தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களில் இணையம் துண்டிக்கப்பட்டது. ஆனால் அதற்குள், வேன் மீது ஏறி மஞ்சள் டி-ஷர்ட்டில் குறிபார்த்தவரின் வீடியோ ஊர் முழுக்கப் போய்விட்டது.

காலவரையின்றி நெட்டை நிறுத்த முடியாது, உத்தரவை வெளியிட வேண்டும் என்று அனுராதா பாசின் வழக்கில் 2020 ஜனவரி 10-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. உத்தரவு வெளியானால்தான் கோர்ட்டில் அதை எதிர்க்கவே முடியும் என்பதால் இது சின்ன விஷயமில்லை.

போலீஸ் கையிலும் கேமரா

காணாமல் போன குழந்தைகளைத் தேடுவதற்காக டெல்லி போலீஸ் வாங்கிய முக அடையாள மென்பொருள், 2019 டிசம்பர் 22 ராம்லீலா மைதானத்தில் பிரதமர் கூட்டத்துக்கு வந்தவர்களைச் சலிக்கப் பயன்பட்டதாக இந்தியன் எக்ஸ்பிரஸ் எழுதியது. போராட்டங்களில் எடுத்த வீடியோக்களிலிருந்து சேர்த்த முகங்களோடு கூட்டத்தினர் ஒப்பிடப்பட்டார்கள். 2020 மார்ச்சில் வடகிழக்கு டெல்லி கலவரம் பற்றி மக்களவையில் பேசிய அமித் ஷா, 1,100-க்கும் மேற்பட்டோர் இந்த வழியில் அடையாளம் காணப்பட்டதாகவும், வாக்காளர் அட்டை, ஓட்டுநர் உரிமத் தரவுகள் பயன்பட்டதாகவும் சொன்னார். இதே தொழில்நுட்பத்தின் துல்லியம் 2 சதவீதம்தான் என்று 2018-ல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் சொல்லப்பட்டிருந்தது. பிறகு ஆர்டிஐ-யில் கேட்டபோது, 80 சதவீதத்துக்கு மேல் பொருந்தினால் 'பாசிட்டிவ்' என்று எடுத்துக்கொள்வதாகப் போலீஸ் பதில் தந்தது. எந்த அடிப்படையில் 80? இந்தத் தொழில்நுட்பத்துக்கென்றே ஒரு சட்டம் இருந்திருந்தால் இந்தக் கேள்விக்கு அதில் பதில் இருந்திருக்கும்.

சரி, நீங்கள் எடுக்கலாமா?

பொது இடத்தில் பணியில் இருக்கும் போலீஸைப் படம் எடுப்பதைக் குற்றம் என்று சொல்லும் தனிச் சட்டம் இந்தியாவில் இல்லை. ஸ்டேஷனுக்குள் வீடியோ எடுத்தவர் மீது அலுவல் ரகசியச் சட்டத்தில் போட்ட வழக்கை 2022-ல் மும்பை உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் கிளை ரத்து செய்தது. அந்தச் சட்டம் சொல்லும் 'தடை செய்யப்பட்ட இடம்' என்பதில் காவல் நிலையம் வராது என்பது அதன் காரணம். நடைமுறையில் வரும் ஆபத்து வேறு: அரசு ஊழியரின் பணியைத் தடுத்ததாக பாரதிய நியாய சன்ஹிதாவின் 221-வது பிரிவில் வழக்கு போடலாம். அதனால்தான் போராட்டக் களங்களில் அனுபவசாலிகள் சொல்வது: தள்ளி நில்லுங்கள், வாக்குவாதம் வேண்டாம், வெட்டாமல் தொடர்ந்து எடுங்கள், பெயர்ப் பட்டையும் இடத்தைக் காட்டும் ஏதாவது ஒரு பலகையும் ஃபிரேமில் வரட்டும். கைது செய்பவர் பெயரும் பதவியும் தெளிவாகத் தெரியும் பட்டை அணிய வேண்டும் என்பது டி.கே.பாசு வழக்கிலிருந்தே இருக்கும் விதி. பட்டை இல்லை என்பதும் பதிவாக வேண்டிய விஷயம்தான்.

எடுத்த வீடியோவை வாட்ஸ்அப்பில் தட்டிவிட்டு, போனில் டெலீட் செய்துவிடாதீர்கள். ஃபார்வர்டு ஆகும்போது ஃபைல் சுருங்கும், எப்போது எடுத்தது என்ற தகவலும் கழன்றுவிடும். 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63-வது பிரிவுப்படி மின்னணு ஆதாரத்தோடு சான்றிதழும், அந்த ஃபைலின் கைரேகை மாதிரியான 'ஹாஷ்' எண்ணும் தர வேண்டும். ஒரிஜினல் இல்லாவிட்டால் இதில் தடுமாறுவோம். இன்னொன்று, கூட்டத்தில் நிற்பவர்களின் முகத்தை மங்கலாக்கிய பிரதியைத்தான் பொதுவில் போட வேண்டும். நீங்கள் ஆதரவாகப் போடும் வீடியோவே நாளை அந்த மென்பொருளுக்குத் தீனியாகலாம்.

ஸ்டேஷனுக்குள் நடப்பதற்கு உங்கள் போன் உதவாது. அங்கே கைகொடுப்பது 2020 டிசம்பர் 2-ல் பரம்வீர் சிங் சைனி வழக்கில் வந்த தீர்ப்பு. ஒவ்வொரு காவல் நிலையத்திலும் லாக்கப், வராண்டா, வாசல் எல்லாவற்றிலும் ஒலியோடு பதியும் கேமரா, 18 மாதப் பதிவு என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. காவலில் யாராவது தாக்கப்பட்டால் அந்தப் பதிவை எழுத்துப்பூர்வமாகக் கேட்கலாம். கேமரா ரிப்பேர் என்று பதில் வந்தால், அதையும் எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.