ஒரே பீடம், ரெண்டு கூடம்... சுவரை இடித்த வடக்கன்குளம்!

ஒரே பீடம், ஒரே பூசை. ஆனா, நடுவுல ஒரு சுவர்! நெல்லை மாவட்டம் வடக்கன்குளம் திருக்குடும்ப ஆலயம் ஒருகாலத்துல இப்படித்தான் இருந்துச்சு.

1872-ல் அர்ச்சிக்கப்பட்ட இந்தக் கோயிலில், பீடத்திலிருந்து ரெண்டு கூடங்கள் பிரியும். ஒன்றில் வெள்ளாளர், இன்னொன்றில் நாடார் உள்ளிட்ட மற்றவர்கள். பேன்ட் மாதிரியான இந்த அமைப்பால், 'டிரவுசர் சர்ச்' என்ற பெயரும் வந்தது.

1910-ல் பாதிரியார்கள் சுவரை இடிச்சுட்டாங்க. மறுபடி பிரிக்கச் சொல்லி வெள்ளாளர் தரப்பு வழக்கு போட்டது. மெட்ராஸ் உயர் நீதிமன்றம் வரை போயும் ஜெயிக்கலை.

இதே ஊரில்தான், 1745-ல் நீலகண்ட பிள்ளை ஞானஸ்நானம் பெற்று தேவசகாயம் ஆனார். 2022-ல் அவரைப் புனிதராக அறிவித்தபோது, பெயரில் 'பிள்ளை' இல்லை. வடக்கன்குளத்தில் சுவர் விழுந்தது. வாடிகனில் சாதிப் பட்டமும் உதிர்ந்தது!